ஜெசிந்தாவின் வீச்சு

என் கணவர் தினகரன் கொசுவை அடிப்பதற்குக்கூட இரண்டு முறை யோசிக்கிற ஆள். ஏற்காட்டு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இத்தனை வருட சர்வீஸில் ஒரு பையனின் காதைக்கூடத் திருகியதில்லை என்று சக ஆசிரியர்களே அவரைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேல்தட்டிலிருந்து காப்பித்தூள் டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தினார். பக்கத்தில் நின்றபடியே தோசை தின்றுகொண்டிருந்த எங்கள் மகள் மிருதுளா சடாரென்று முகத்தைத் திருப்பினாள். தாடை தோளுக்குள் புதைந்தது. முழங்கை உயர்ந்து முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. தட்டு விழுந்து சட்னி தரையெல்லாம் சிதறியது.

"என்ன கண்ணு, பல்லி கில்லி விழுந்துச்சா?" என்றார் அவர்.

"தெரியலப்பா. கை தானா போயிருச்சு."

மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக்கூடை. குறைந்த வீச்சுகளில் தட்டைக் கூடைக்குள் போடுகிறவர் ஜெயிப்பார். காப்பி விலை படுத்த பிறகு எங்கள் ஊர் எஸ்டேட்காரர்கள் செடியைப் பிடுங்கிவிட்டு, சில்வர் ஓக் மரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுநடுவே கூடைகளை நட்டார்கள். அப்புறம் இந்த விளையாட்டுக்கும் கல்லூரி இடஒதுக்கீடு வந்தது. வந்ததுதான் தாமதம், ஏற்காட்டில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. நானும் பிள்ளை பெற்றவள்தான்.

இதில் முக்கியமானது பேக்ஹேண்ட் வீச்சு. புறங்கை முன்னால் போக, தட்டைப் பின்னால் கொண்டுபோய், நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து விட வேண்டும். சொல்வது சுலபம். மிருதுளாவின் கை நெஞ்சை ஒட்டி நேராக வராமல் உடம்பைச் சுற்றிக்கொண்டு வரும். தட்டு வலது பக்க மரத்தில் போய் முட்டும். பயிற்சியாளர் ரஃபீக் சார் தொண்டை கிழியக் கத்துவார்.

"கூடையப் பாக்காதம்மா! முகத்த முழுசாப் பின்னாடி திருப்பு! தட்ட நெஞ்சோட ஒட்டி இழு! முழங்கை முன்னாடி வரட்டும்! ஆரம்பத்துலயே பலத்தக் காட்டாத, கடைசியில காட்டு!"

இதையெல்லாம் ஒரு பதினான்கு வயதுப் பெண் ஒரே நொடிக்குள் செய்ய வேண்டும். கூடை முன்னால் இருக்கும்போது அதைப் பார்க்காதே என்றால் எந்தக் கண் கேட்கும்? மாவட்ட அளவில் நடுவாந்திரத்தில் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து தலையணைக்குள் முகத்தை வைத்து அழுவாள்.

அப்போதுதான் 'லாகவம்' கம்பெனிக்காரர்கள் உறையோடு வந்தார்கள். கழுத்திலிருந்து மணிக்கட்டுவரை தோலோடு ஒட்டுகிற மெல்லிய கறுப்புச் சட்டை அது. உலகத் தரமான ஒரு வீச்சாளரின் அசைவை நரம்பு நரம்பாகப் பதிவு செய்து, அதை மெல்லிய மின்சாரமாக இன்னொருவரின் உடம்புக்குள் செலுத்தும். சில வாரம் போட்டுக்கொண்டு வீசினால் போதும். அப்புறம் உறையைக் கழற்றிவிடலாம், பாணி உடம்போடு தங்கிவிடும். அவர்கள் பதிவு செய்திருந்தது எங்கள் ஊர்க்காரி ஜெசிந்தாவின் வீச்சை. ஆசியாவிலேயே அவளுக்கு இணையான பேக்ஹேண்ட் கிடையாது என்று பேச்சு. 'ஜெசிந்தாவின் வீச்சு இனி உங்கள் மகளுக்கும்' என்று ஏரிக்கரையில் பெரிய விளம்பரம் வைத்தார்கள். படத்தில் ஜெசிந்தாவும், அவளை உருவாக்கிய அப்பா சவரிமுத்துவும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

தினகரனுக்கு அரை மனசு. "அது அந்தப் பொண்ணோட கை, கோகிலா. நம்ம பிள்ளைக்குத்தான் சொந்தக் கை இருக்குதே," என்றார்.

"உங்க கணக்க பிளாக்போர்டோட வச்சுக்கங்க," என்றேன் நான். ஊரிலேயே முதல் உறையை மிருதுளாவுக்குத்தான் வாங்கினேன்.

உறையைக் கழற்றிய அன்று மிருதுளா வீசிய முதல் தட்டு, எப்போதும் குறுக்கே நிற்கும் அந்த மரங்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போய், பள்ளத்தைத் தாண்டி, கூடைக்கு அருகில் பூப்போல இறங்கியது. முகம் முழுசாகத் திரும்பியது. தட்டு நெஞ்சை உரசி வந்தது. முழங்கை முன்னால் வந்தது. ரஃபீக் சார் தொப்பியைக் கழற்றிவிட்டு வாயைப் பிளந்து நின்றார். நான் அழுதேன். தினகரன்கூட விசில் அடித்தார்.

காப்பித்தூள் டப்பா விஷயம் நடந்தது அதற்கு அடுத்த வாரம்.

பிறகு அது அடிக்கடி நடந்தது. பஸ்ஸில் கண்டக்டர் மேலே இருந்த கயிற்றைப் பிடித்தால் முழங்கை வரும். பின்னாலிருந்து தோழி தோளைத் தொட்டால் வரும். வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதக் கையைத் தூக்கினால் வரும். மிருதுளா படித்தது கான்வென்ட்டில். அந்தப் பள்ளியில் பிள்ளைகளின் உடல்மொழியைப் படிக்கும் கேமராக்களை மாட்டியிருந்தார்கள். எந்தக் குழந்தை வீட்டில் அடி வாங்குகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்லுமாம். நல்ல எண்ணத்தில் மாட்டியதுதான், அதில் சந்தேகமில்லை. அது எங்கள் மகளைக் காட்டிக் கொடுத்தது. ஒரு இயந்திரம் பயத்தை உள்ளே வைத்தது, இன்னொரு இயந்திரம் அதைக் கண்டுபிடித்து வெளியே எடுத்தது. நடுவில் மாட்டிக்கொண்டது என் புருஷன்.

குழந்தைகள் நலக் குழுவிலிருந்து மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். தலைவி திலகவதி அம்மாள், கண்டிப்பானவள், ஆனால் கெட்டவள் அல்ல. மிருதுளாவைத் தனி அறையில் உட்கார வைத்து ரொம்ப நேரம் பேசினாள்.

"எங்கப்பா என்னை அடிச்சதே இல்ல ஆன்ட்டி," என்று இவள் அழுதிருக்கிறாள்.

வெளியே வந்த திலகவதி அம்மாள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அடி வாங்குற புள்ளைங்க அத்தனையும் இதையேதாம்மா சொல்லும். வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது."

"என் புருஷன் அடிக்க மாட்டாருங்க."

"அடிக்கிறவங்க வீட்டுல இருக்கற அம்மாங்களும் இதையேதான் சொல்லுவாங்க."

 நாங்கள் உண்மையைச் சொல்லச் சொல்ல அது குற்றத்துக்குச் சாட்சியாக மாறிக்கொண்டிருந்தது. விசாரணை முடியும்வரை அவர் மகளோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்றார்கள். அவரை வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும், மகளைப் பார்க்கும் உரிமையும் போகும். தினகரன் ஒரு பையில் நான்கு சட்டைகளைத் திணித்துக்கொண்டு சேலத்தில் தன் தம்பி வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது மகளின் தலையைத் தடவக் கையைக் கொண்டுபோனார். அவள் முழங்கை எழுந்தது. அவர் கையைப் பாதியில் நிறுத்தி, கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனார். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் நின்று பார்த்தது எனக்குத் தெரியும்.

உறைதான் காரணம் என்று எனக்குள் ஒரு சந்தேகம் குடைந்துகொண்டே இருந்தது. லாகவம் ஆபீசுக்குப் போனேன். ஹரிணி என்ற என்ஜினியர் பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"நாங்க எடுக்கறது அசைவ மட்டும்தாங்க மேடம். கை எப்ப எங்க போகணுங்கிறது. மனசுக்குள்ள இருக்கறத எடுக்கற மிஷின் இன்னும் உலகத்துலயே வரல."

"அப்ப என் பொண்ணு ஏன் இப்படிப் பண்றா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அதை நீங்க வீட்டுலதான் மேடம் விசாரிக்கணும்."

அவளும் செய்தியைக் கேள்விப்பட்டிருந்தாள். அந்த மேசையில் இருந்த டம்ளர் தண்ணீரை எடுத்து அவள் மூஞ்சியில் ஊற்றலாமா என்று வந்தது. ஊற்றவில்லை, அதையும் குடும்பக் குணம் என்று சொல்லிவிடுவாள்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மைதானத்துக் கொட்டகையில் ஒதுங்கினேன். ஜெசிந்தா பயிற்சியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஒரு ஆள் குடையை மேலே தூக்கிப் படக்கென்று விரித்தான். ஜெசிந்தாவின் முகம் திரும்பியது. தாடை தோளுக்குள் புதைந்தது. முழங்கை எழுந்து நின்றது. என் வீட்டுச் சமையலறையில் நான் பார்த்தது அப்படியே, இம்மி பிசகாமல்.

 பக்கத்தில் போய், "ஜெசிந்தா, உன்னை யாரும்மா அடிச்சது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை முறைத்தாள். "நீங்க யாருக்கா?"

சொன்னேன். மகளைச் சொன்னேன், புருஷனைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் கையிலிருந்த துணி நின்றுபோனது.  மழை விட்டதும் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக் கூடத்தில் சக்கர நாற்காலியில் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவர் தலைக்கு மேல் 'சிறந்த தந்தை' என்று மாநில விளையாட்டுச் சங்கம் கொடுத்த கேடயம் மாட்டியிருந்தது. ஜெசிந்தா அவர் கடைவாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"பேச முடியாது அவரால. ஆனா காது நல்லாக் கேக்கும்," என்றாள்.

"அவரா?"

"எஸ்டேட்டுல மேஸ்திரியா இருந்தாருக்கா. என்னை மேல கொண்டு வரணும்னு வெறி. நான் வீசறப்பல்லாம் பின்னாடியே காப்பிச் செடிக் குச்சியோட நிப்பாரு. முகம் திரும்பலைன்னா கன்னத்துல விழும். தட்டு நெஞ்ச விட்டு விலகினா புறங்கையில விழும். முழங்கை முன்னாடி வந்தா முகத்துக்கு அடி தப்பும். அப்படித்தான் முன்னாடி வந்துச்சு. கடைசி நிமிஷத்துல பலம் எப்படி வருதுன்னு பேட்டியில எல்லாம் கேப்பாங்க. அடுத்த அடி விழறதுக்குள்ள தட்ட விட்டுறணுமேன்னு வர்ற பலம் அது. வேற ஒண்ணுமில்ல."

ரஃபீக் சார் தொண்டை கிழியக் கத்திய அத்தனையும் அதில் இருந்தது. முகத்தைத் திருப்பு, நெஞ்சோடு ஒட்டு, முழங்கை முன்னால், பலம் கடைசியில். அடிக்குத் தப்புகிற உடம்பு இதையெல்லாம் சொல்லாமலே செய்திருக்கிறது.

"இதைக் குழு முன்னாடி வந்து சொல்லுவியாம்மா?"

"சொன்னா கம்பெனி என்னைத் தூக்கிரும். அது போகட்டும். டிவியில வரும். அவரு காதுல விழும்." கதவைப் பார்த்தாள். "அவருக்கு மூணு வேளையும் நான்தான் ஊட்டறேன். வெறுப்பாத்தான் இருக்கும். ஆனாலும் ஊட்டறேன். நான் சொன்னத கேட்டுட்டு என் கையால எப்படிக்கா சாப்பிடுவாரு?"

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. "உன்னை அடிச்சவரு கேடயத்தோட உக்காந்திருக்காரு. அடிக்காத மனுஷன் தெருவுல நிக்கறாரு. நீயே பாத்துச் சொல்லு," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அவள் வருவாள் என்று நான் நம்பவில்லை.

வந்தாள். விசாரணை நாளன்று, பஞ்சாயத்து அலுவலகத்தில், வெள்ளைச் சுடிதாரில். திலகவதி அம்மாள் முன்னால் எல்லாவற்றையும் சொன்னாள், குரல் உடையாமல். திலகவதி அம்மாள் நம்பிவிடவில்லை. "ரெண்டு பேரும் அங்க போயி சுவரப் பாத்து நில்லுங்க," என்றாள். ஜெசிந்தாவும் மிருதுளாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். திலகவதி அம்மாள் சத்தமில்லாமல் போய் அவர்கள் பின்னால் நின்று சட்டென்று தன் கையை ஓங்கினாள். அந்த நிழல் சுவரில் விழுந்தது.

இரண்டு முகங்கள் ஒரே பக்கம் திரும்பின. இரண்டு தாடைகள் புதைந்தன. இரண்டு முழங்கைகள் ஒரே உயரத்துக்கு எழுந்தன. ஒருத்திக்கு முப்பது வயது, இன்னொருத்திக்குப் பதினான்கு.  திலகவதி அம்மாள் ஓங்கிய கையை இறக்க மறந்து நின்றாள். தினகரன் கடைசி நாற்காலியில் முகத்தைப் பொத்திக்கொண்டு குழந்தைபோல அழுதார். அவர் பெயரில் இருந்த பழி அன்றே நீங்கியது. வேலை திரும்பக் கிடைத்தது. வீட்டுக்கு வந்தார்.

அத்தோடு எல்லாம் சரியாகியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

செய்தி தீயாகப் பரவியது. லாகவம் ஜெசிந்தாவோடு செய்திருந்த ஒப்பந்தத்தை முறித்தது. கேடயத்தைச் சங்கத்துக்காரர்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். சவரிமுத்து இரண்டு நாள் சோற்றுக்கு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் திறந்தாராம். ஜெசிந்தா ஊட்டினாளாம். அவள் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் வரவில்லை.

ஹரிணி எங்கள் வீட்டுக்கே வந்தாள். இந்த முறை கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை அவளுக்கு.

"பாப்பா கையில பதிஞ்சத எடுத்துரலாங்க மேடம். இலவசமாவே செஞ்சு தர்றோம். ஆனா வீச்சும் சேந்து போயிரும்."

"பயத்த மட்டும் எடுங்க."

"முயற்சி பண்ணினோம் மேடம். ஆபீசுல நாலஞ்சு பேருக்குப் பண்ணிப் பாத்தோம். பயத்த எடுத்தா தட்டு பாதித் தூரம்கூடப் போகல. ரெண்டும் வேற வேற இல்லைங்க."

மிருதுளா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எடுக்க வேண்டாம்," என்றாள். "மாநில டீமுக்கு செலக்ஷன் வருது."

"பைத்தியமாடி உனக்கு? இன்னொருத்தி வாங்கின அடிய நீ சுமக்கணுமா?"

"எனக்குப் பயமே இல்லம்மா. கைதான் பயப்படுது. படட்டும்."

நான் தினகரனைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல யோசித்தார். யோசித்துவிட்டு, "அவ இஷ்டம் கோகிலா," என்றார். அதிலிருந்து வீட்டில் அவர் கையை அசைப்பதற்கு முன்னால் குரல் கொடுக்கிறார். "கண்ணு, அப்பா ஃபேனப் போடறேன்." "கண்ணு, அப்பா சட்டைய எடுக்கறேன்." அவளும் "சரிப்பா" என்கிறாள். முழங்கை என்னவோ எழத்தான் செய்கிறது. தன் வீட்டில் அறிவிப்பு கொடுத்துக்கொண்டு நடமாடும் மனிதனைப் பார்க்க எனக்கு நெஞ்சு எரிகிறது. மிருதுளா மாநில அணியில் இடம் பிடித்தாள். படம் பேப்பரில் வந்தது. ஒட்டி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் அவளை அழைத்து வர மைதானத்துக்குப் போயிருந்தேன். ஆறேழு வயதுப் பெண் குழந்தை ஒன்று, கைக்கு அடங்காத தட்டோடு ஓரமாக நின்று பழகிக்கொண்டிருந்தது. பின்னால் அதன் அம்மா. பார்த்த முகம்தான். ஏரிக்கரையில் சோளம் சுட்டு விற்கிறவள், முத்தழகி. அவள் கையில் வளைந்து கொடுக்கிற காப்பிக் குச்சி இருந்தது.

குழந்தை தட்டைப் பின்னால் கொண்டுபோனது. கண் கூடையிலேயே இருந்தது. குச்சி கன்னத்தில் விழுந்தது. பெரிய அடி இல்லை, அளந்து போட்ட அடி.

"ஏய், என்ன பண்ற நீ?" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

முத்தழகி என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். "மிருதுளா பாப்பாவோட அம்மாதானுங்களே? உங்களுக்கு உறை போட வசதி இருந்துச்சு, போட்டீங்க. எங்களுக்கு ஏதுங்கக்கா? அதான் ஜெசிந்தா சொன்னதெல்லாம் டிவியில வந்துச்சே, அவங்கப்பா எப்படிப் பழக்குனாருன்னு. நாங்க வீட்டுலயே செஞ்சுக்கறோம். இங்க இப்ப நெறையப் பேரு இப்படித்தான் பழக்குறாங்க."

திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவே அங்கங்கே பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் ஒருவர் நின்றார்.

குச்சியைப் பிடுங்கக் கையை வீசினேன். என் கை உயர்ந்ததும் நடுவில் நின்ற குழந்தையின் முகம் திரும்பியது. தாடை தோளுக்குள் போனது. சின்ன முழங்கை எழுந்து முகத்துக்கு முன்னால் நின்றது.

முத்தழகி குச்சியைக் கீழே போட்டுவிட்டு, சந்தோஷத்தில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களாக்கா? வந்துருச்சு! இத்தன நாளா நான் அடிச்சு வராதது, நீங்க கை ஓங்கினதும் வந்துருச்சு!"